பீரோவுக்குள் போன மாத்திரை

காட்டாங்குளத்தூரில் பயோடெக்னாலஜி இரண்டாம் வருடம் படித்தேன். நரம்பு செல் செரோடோனினைத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதை மனச்சோர்வு மாத்திரை எந்த இடத்தில் தடுக்கிறது என்று படம் போட்டு, அம்புக்குறி போட்டு முழு மார்க் வாங்கியவன் நான். அந்த மார்க்கைக் கொண்டுபோய்க் குப்பையில் கொட்ட வேண்டும்.

சிட்லபாக்கத்து வீட்டில் அக்கா அப்போது ஆறு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. வேலையை விட்டுவிட்டாள். குளித்துவிட்டு வருவதே அவளுக்குப் பெரும்பாடாக இருந்தது. "திமிர்" என்றார் அப்பா. தாம்பரத்தில் ஒரு மனநல மருத்துவரிடம் நான்தான் அழைத்துப் போனேன். இது மூளையில் நடக்கிற கோளாறு, மாத்திரை வேலை செய்யவே மூன்று நான்கு வாரம் ஆகும், தேறினாலும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று அவர் படித்துப் படித்துச் சொன்னார்.

இருபதாவது நாள் அக்கா தோசை கேட்டுச் சாப்பிட்டாள். அவ்வளவுதான், மகள் குணமாகிவிட்டாள் என்று அம்மா தீர்மானித்துவிட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டையிலிருந்து பெண் பார்க்க வருவதாக இருந்தது.

"மாப்பிள்ளையோட அக்கா நர்ஸ்டா. இந்த அட்டையப் பாத்தா போச்சு, பைத்தியம்னு ஊரெல்லாம் சொல்லிடுவா" என்றாள் அம்மா.

"டாக்டர் நிறுத்தக் கூடாதுன்னாரும்மா."

"டாக்டரா வந்து கல்யாணம் பண்ணி வைப்பாரு?"

அப்பா மாத்திரைகளைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? அப்பாவிடமிருந்து மாத்திரையை வாங்கிக் கொடு என்று அக்கா இரண்டு முறை என்னிடம் கேட்டாள். "ஞாயித்துக்கிழமை முடியட்டும்கா" என்றேன். பாவி.

வந்தவர்கள் பஜ்ஜி தின்றார்கள். பெண் ரொம்ப அமைதி, பிடித்திருக்கிறது என்றார்கள். அமைதியாம்! அவள் பேசவே முடியாமல் உட்கார்ந்திருந்தது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். நிச்சயதார்த்தமும் முடியட்டும் என்றார் அப்பா. மறுவாரம் அக்கா உயிரை விடப் பார்த்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்து ஓடியதால் பிழைத்தாள்.

அப்போதெல்லாம் அது போலீஸ் கேஸ். ஆஸ்பத்திரிக்கு வந்த ஏட்டிடம் அப்பா, "தீராத வயித்து வலி சார்" என்றார். எத்தனை வீடுகளில் எத்தனை பேர் எழுதிக் கொடுத்த வயிற்று வலி! உண்மையைச் சொல்ல வக்கில்லாதவர்களுக்கென்றே இருக்கிறது அது. ஏட்டு அப்படியே எழுதிக்கொண்டார். கீழே சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்.

அம்மா நின்றுகொண்டிருந்த கட்டிலருகே ஏட்டு போனார். "இன்னாமா, வயித்து வலி எத்தினி நாளா கீது?"

அக்கா கண்ணைத் திறந்தாள்.

"வயிறு நல்லாத்தான் சார் இருக்கு. மாத்திரையில கொஞ்சம் தெளிஞ்சுது. இவங்க மூணு பேரும் நிறுத்திட்டாங்க."