இருமுறை திரும்பி வந்த பல்

புதன்கிழமை மதியம் அந்தப் பல் இரண்டாவது முறையாகத் திரும்பி வந்தது.

கட்டைவிரல் அளவு டப்பா. உள்ளே பஞ்சு. பஞ்சின் மேல், உடைந்த பல்லின் மேல் மாட்டுவதற்காக ஹேசுன் தன் கையால் செய்த பீங்கான் கேப். கூடவே பல் மருத்துவமனையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு: ‘மறுபடியும் வெளுப்பு. பக்கத்துப் பல்லோடு ஒட்டவே இல்லை.’ ஹேசுன் அதை இரண்டு தடவை படித்தாள். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுச் சீட்டைச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டாள்.

தேகு நகரத்தில் முன்பல்லுக்குக் கேப் என்றால், ‘ஹேசுன் அம்மாவே செய்யட்டும்’ என்று குறிப்பெழுதி அனுப்பும் டாக்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடைவாய்ப் பல்லை யாரும் செய்துவிடலாம், அதை எவன் எட்டிப் பார்க்கப் போகிறான்? முன்பல் அப்படியா? வாயைத் திறந்ததும் காட்டிக் கொடுத்துவிடும். பூண்டு விளையும் ஊய்சோங்கிலிருந்து பத்தொன்பது வயதில் இந்தத் தொழில் படிக்க வந்தவள் ஹேசுன். இப்போது ஐம்பத்து நான்கு. நூடுல்ஸ் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில், வடக்கு ஜன்னலோரம், அதே மேசையில் முப்பது வருடத்துக்கும் மேல் ஓட்டிவிட்டாள். நடுவில் ஒரு கல்யாணமும் நடந்து முறிந்தது. தான் கோபத்தில் கத்தும்போதுகூட இவள் தன் கீழ்வரிசைப் பல்லின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அந்த மனிதர் சொன்ன காரணங்களில் ஒன்று. பொய்யில்லை, பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அந்தக் கண்தான் இப்போது அவளை மிரட்டியது. ஒரு வருடமாகவே சாயங்கால பஸ்ஸின் விளக்குகள் கலங்கித் தெரிந்தன. அதைக்கூட விட்டுவிடலாம். குச்சியில் பொருத்திய பதினாறு மாதிரிப் பற்கள் அவள் மேசையில் எப்போதும் இருக்கும். வெள்ளை, மஞ்சள், சாம்பல் என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம், குச்சியின் பின்னால் எண். முன்பெல்லாம் கலைத்துப் போட்டாலும் கண்ணால் பார்த்தே வரிசையாக அடுக்கிவிடுவாள். இப்போது அதில் சிலது ஒன்று போலவே தெரிகின்றன. ரகசியமாகத் திருப்பி எண்ணைப் பார்க்கிறாள். கண் டாக்டரிடம் போகவில்லை. போனால் அவர் ஒரு பெயர் சொல்லுவார். பெயர் வந்துவிட்டால் அப்புறம் அது நோய். கண் போன கைக்கு இந்தத் தொழிலில் என்ன வேலை? டப்பா கழுவலாம்.

“அக்கா, அந்த மீன்கடை அம்மாவோட பல்லு திரும்பிடுச்சா?” என்று பின்னால் குரல் கேட்டது. கில்சு. இந்தப் பல் செய்யும் கூடத்தின் முதலாளி, அவளைவிட ஒன்பது வயது சின்னவன். நாலு பேர் முன்னால் அவனை ‘சார்’ என்பாள், தனியாக இருந்தால் ‘டேய்’தான்.

“இன்னும் கொஞ்சம் நிறம் ஏத்தணுமாம்” என்றாள், ஒன்றுமே நடக்காததுபோல.

“சனிக்கிழமை அந்தம்மா பொண்ணோட சம்பந்தி விருந்துங்களாம். கிளினிக்ல கத்துறாங்க. மூணாவது தடவையும் திரும்பிச்சுன்னா வேற இடத்துக்குக் குடுத்துடுவாங்க.”

“திரும்பாது. நானே நாளைக்கு நேர்ல போய் அந்தம்மா வாயைப் பார்த்துட்டு வரேன்.”

சொல்லிவிட்டாளே தவிர, அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. இரண்டு கேப்பையும் கிளினிக் அனுப்பியிருந்த மால்சுனின் பல் போட்டோவோடு வைத்து மாற்றி மாற்றிப் பார்த்தாள். நிற எண் ஏ-இரண்டு என்று போட்டோவில் இருந்தது, ஏ-இரண்டைத்தான் செய்திருக்கிறாள். அவள் கண்ணுக்கு அச்சாகப் பொருந்தியது. பொருந்தியதாகத் தெரிந்ததுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

மறுநாள் காலை மருத்துவமனையில், காத்திருக்கும் இடத்திலேயே அந்த அம்மாள் இருந்தாள். மால்சுன் என்று பெயர், சந்தையில் கருவாட்டுக் கடை. பீர் பாட்டிலைப் பல்லால் திறக்கப் போய் முன்பல்லை உடைத்துக்கொண்டவள்.

“நீதான் என் பல்லைச் செய்யற பொண்ணா? நல்லாருக்கு போ! ரெண்டு தடவையும் செவுத்துக்குச் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி செஞ்சு அனுப்பிருக்கே” என்றாள் வாயைக் கையால் பொத்திக்கொண்டே. “மாப்பிள்ளையோட அம்மா டீச்சராம். சிரிச்சா என் பல்லைப் பாப்பாங்க. சிரிக்கலைன்னா திமிரு புடிச்சவம்பாங்க. நான் என்னதான் பண்றது, சொல்லு?”

பேச்சுவாக்கில் கை விலகியது. ஹேசுனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வருடக்கணக்காகப் பாக்கெட் காபியில் ஊறிய பற்கள், நல்ல மஞ்சள். போட்டோவில் இருந்தது இந்தப் பற்களே இல்லை. இவ்வளவு தூரம் தவறாகவா பார்த்தோம்?

செரின் என்கிற நர்ஸ் பெண், வயது இருபத்து நாலு, மால்சுனை நாற்காலியில் சாய்த்து உதட்டை விரித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை மாட்டினாள். போன் அடித்தது, போனாள். டாக்டர் கூப்பிட்டார், அங்கே போனாள். மால்சுன் திறந்த வாயோடு கூரையைப் பார்த்துக் கிடந்தாள். பக்கத்தில் நின்ற ஹேசுன் அந்தப் பற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் போனது, பத்து நிமிடம் போனது. மஞ்சள் மெல்ல மெல்ல வெளுத்துக்கொண்டு வந்தது.

செரின் ஓடி வந்து கேமராவைக் கையில் எடுத்தாள்.

“நில்லு!” என்று ஹேசுன் போட்ட சத்தத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் தலையைத் தூக்கினார். “இப்படித்தான் ரெண்டு தடவையும் போட்டோ எடுத்தியா? பல்லு காய்ஞ்சா வெளுத்துடும்னு உனக்குத் தெரியாதா? வாயைத் திறந்த ஒரு நிமிஷத்துக்குள்ள நிறம் பாக்கணும்மா! முதல் வருஷப் பாடம் அது! நீ காஞ்ச பல்லை எடுத்து அனுப்பினே, நானும் காஞ்ச பல்லையே செஞ்சு குடுத்துட்டேன்!”

செரினுக்கு முகம் செத்துவிட்டது. “மன்னிச்சிருங்க மேடம்... கூட்டமா இருக்குதேன்னு...”

ஹேசுனுக்கோ காலே தரையில் பாவவில்லை. கண் நன்றாகத்தான் இருக்கிறது! எதைக் காட்டினார்களோ அதைச் செய்திருக்கிறாள். ராத்திரியெல்லாம் புரண்டது அத்தனையும் வீண். அந்தப் பெண்ணைத் திட்டிய சுகத்தில் இன்னும் நாலு வார்த்தை சேர்த்தே திட்டினாள்.

வளையத்தைக் கழற்றி, மால்சுனுக்குத் தண்ணீர் கொடுத்து, வாயை மூடி அரைமணி நேரம் உட்கார வைத்தார்கள். பல் தன் நிறத்துக்குத் திரும்ப வேண்டுமே. அதற்குள் அவள் மகளின் கதை முழுவதையும் மூடிய வாயாலேயே சொல்லி முடித்துவிட்டாள்.

“இப்ப பாரு, எப்படிப் பாக்கறதுன்னு” என்று ஹேசுன் மாதிரிப் பற்களை எடுத்துக்கொண்டு குனிந்தாள். வாய் திறந்தது. கடிகாரம் ஓடத் தொடங்கியது.

ஏ-மூன்றை வைத்தாள். பொருந்தியது. ஏ-மூன்றரையை வைத்தாள். அதுவும் பொருந்தியது. மறுபடி ஏ-மூன்று. இரண்டுக்கும் இடையில் அவளுக்கு வித்தியாசமே தெரியவில்லை. இடது கண்ணை மூடினாள், வலது கண்ணை மூடினாள். இருபது விநாடி. போட்டோவில் எண்ணைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம், இங்கே வாய்க்குள் யார் எண் எழுதி வைத்திருக்கிறார்கள்? முப்பது விநாடி. ஏதோ ஒன்றைச் சொல்லிவிடலாம். சொன்னால் நம்புவார்கள். இப்போதுதானே அத்தனை பேர் முன்னால் அந்தப் பெண்ணை அப்படித் திட்டினாள், யார் எதிர்த்துக் கேட்கப் போகிறார்கள்? நாற்பது. மால்சுன் கண்ணை இடுக்கிக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தாள். இந்தப் பல்லை வைத்துக்கொண்டுதான் அவள் சனிக்கிழமை சிரிக்க வேண்டும்.

“செரின், நீ பாரு” என்றாள் ஹேசுன். “சீக்கிரம். எனக்குத் தெரியல.”

“என்ன மேடம்?”

“கண்ணு தெரியலைங்கறேன்! பாரேன்!”

செரின் குனிந்தாள். ஒரு மூச்சுதான். “ஏ-மூணரை. விளிம்புல மட்டும் கொஞ்சம் சாம்பல்” என்றாள். உடனே போட்டோவும் எடுத்தாள்.

வளையம் வெளியே வந்த மறுகணம் மால்சுன் ஆரம்பித்துவிட்டாள். “கண்ணுல புரையா? இதுக்கா இப்படி நடுங்கறே? போன வருஷம் எனக்கு ரெண்டு கண்ணுலயும் எடுத்தாங்க. கால்மணி நேரம்தான். வலிக்கவே இல்ல. அப்புறம் கண்ணாடியில என் மூஞ்சியைப் பார்த்தப்பதான் அழுதேன், இத்தனை சுருக்கமான்னு.”

செரின் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். ஹேசுனுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மீதிப் பொழுது முழுக்க உட்கார்ந்து மூன்றாவது கேப்பைச் செய்தாள். வெள்ளி மதியம் செரின் போன் செய்தாள். பொருந்திவிட்டது, மால்சுன் அம்மா கண்ணாடியை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். கிளினிக்கில் நடந்ததைப் பற்றி அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசவில்லை. ஹேசுனும் பேசாமல் இருந்துவிடலாம்தான். ஆனாலும் எழுந்து கில்சுவின் மேசைக்குப் போனாள்.

“டேய், ஒண்ணு சொல்லணும். எனக்கு நிறம் தெரியமாட்டேங்குது. ஒரு வருஷமா. வேற ஆளை வச்சுக்கறதுன்னா வச்சுக்கோ.”

கில்சு நிமிரவில்லை. கையிலிருந்த தூரிகையைத் துடைத்தான். “தெரியும் அக்கா.”

“என்ன தெரியும்?”

“போன பனிக்காலத்துலருந்து குச்சியைத் திருப்பித் திருப்பி நம்பர் பாக்கறீங்க. நீங்க ஆறு மணிக்குக் கிளம்பினதும் உங்க டப்பாவையெல்லாம் திறந்து பார்ப்பேன். நிறம் தள்ளியிருந்தா மேல சாயம் பூசி மறுபடி சூளைல வச்சு எடுப்பேன்.”

ஹேசுன் நாற்காலியை இழுத்து அவன் எதிரில் உட்கார்ந்தாள். “அப்ப அந்த மீன்கடை அம்மாவோடது?”

“அந்த ரெண்டையும் நான் தொடவே இல்ல. போட்டோவோட அப்படியே பொருந்திச்சு. அக்காவுக்குக் கண்ணு சரியாயிடுச்சுன்னு சந்தோஷப்பட்டேன்.”

அவமானமும் கோபமும் ஒன்றாகப் பொங்கின. திட்டத்தான் வாயைத் திறந்தாள், அழுகை வந்துவிட்டது. “ஏண்டா சொல்லல?”

“எப்படிச் சொல்றதாம்?” என்றான் அவன், அதுவரை நிமிராத தலையை நிமிர்த்தி. அவன் கண்களும் சிவந்திருந்தன.

“எத்தனை பல்லை இப்படித் திருத்தியிருப்பே?”

“எண்ணல அக்கா.”

பீங்கான் மாவுப் புட்டி ஒவ்வொன்றிலும் திறந்த தேதியை எழுதி ஒட்டுகிறவன் அவன். எண்ணாமலா இருந்திருப்பான்?