ஆற்றிலிருந்து செய்தி வராத பிற்பகல்

திரையில் ஒரு கட்டம் பச்சையிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறிய அந்தப் பிற்பகல் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஸ்கூடாயில் என் வாடகை அறையில் இருந்தேன். ஆற்றங்கரை ஊரான கோத்தா திங்கியில் தன் வீட்டிலிருந்தபடி அக்காவும் அதே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூடப் பிறந்தவர் அல்ல, கூட வேலை செய்தவர். சில ஆண்டுகளாக அவரைக் குரலாக மட்டுமே அறிந்திருந்தேன்.

ஆற்றின் நீர்மட்டத்தைக் காட்டும் செயலியை நாங்கள் இருவரும் எழுதிக்கொண்டிருந்தோம். கரையில் பொருத்திய கருவிகள் எண்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். வர வர நிரல் அவற்றைத் திரையில் காட்டும். ரியாக்டிவ் புரோகிராமிங் என்பார்கள். அதில் எண்களை மாற்றுகிற ஆப்பரேட்டர்கள் எனும் சிறு கட்டளைகள் உண்டு. எண்ணைத் தொடாமல் துணைக்கு நிற்பவையும் உண்டு. ‘டேப்’ போகிற எண்ணை எட்டிப் பார்த்துக்கொள்ளும். ‘டிலே’ சற்று நிறுத்தி அனுப்பும். குறித்த நேரத்துக்குள் எதுவும் வராவிட்டால் ‘டைம்அவுட்’ அதைச் சொல்லிவிடும்; திரையில் அந்தக் கருவியின் பச்சைக் கட்டம் சாம்பலாகும். அக்கா பிடிவாதமாகக் கேட்டது அதைத்தான்.

“நம்பர் வரலைன்னா பழைய நம்பரே இருக்கட்டும் லா அக்கா. சாம்பல் கலரைப் பார்த்தா ஆளுங்க பயந்துடுவாங்க” என்றேன்.

“பயப்படட்டும் தம்பி. கருவியே தண்ணியில போயிருந்தா? பழைய நம்பரைப் பார்த்துட்டு எங்கம்மா நிம்மதியா படுத்திருப்பாங்க.”

அவர் சொன்னபடியே வைத்தோம். அந்த மழைக்காலத்தில் ஆற்றின் மேற்பகுதியில் இருந்த கருவி ஒருநாள் நின்றுபோனது. கட்டம் சாம்பலானது. அக்கா யாரையும் விசாரிக்கவில்லை. “நான் அம்மாவைக் கூட்டிட்டுக் கிளம்புறேன்” என்றார் போனில். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது; பிறகு இணைப்பு அறுந்தது. பொழுது சாய்வதற்குள் அந்தத் தெருவில் ஜன்னல் வரை தண்ணீர். தெருக்காரர்கள் எல்லாரும் அதற்கு முன்பே பள்ளி மண்டபத்துக்குப் போய்விட்டிருந்தார்கள்.

தண்ணீர் வடிந்ததும் அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறிப் போனேன். குரலை வைத்து நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளமானவர். பகல் முழுக்க இருவரும் சேற்றை வழித்துத் தள்ளினோம். பிறகு வாசலில் குந்தி நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம். “அம்மா இனிமே இங்க இருக்க மாட்டேங்கிறாங்க” என்றார், சோற்றைப் பார்த்தபடி.

கொஞ்ச நாளில் சிங்கப்பூரில் வேறு வேலை கிடைத்து, அம்மாவோடு அங்கே தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். முதலில் அடிக்கடி அழைத்தார். அப்புறம் தீபாவளிக்கு ஒரு வாழ்த்துப் படம் மட்டும் வந்தது.

செயலியை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிவிடுகிறார். பேச வேண்டியதே இல்லை. மாலையில் கீழே டீக்கடைக்கு இறங்கி, பாலில்லாத டீக்கு “தே ஓ ஒண்ணு” என்று சொல்லும்போதுதான், அன்றைக்கு முதன்முதலாக என் குரலை நானே கேட்கிறேன்.