சந்துக்குள் ஆராதனை நடத்திய பாஸ்டர் ஞானராஜ்

பாஸ்டர் ஞானராஜ் இன்று காலை காலமாகிவிட்டார். தூக்கத்திலேயே... அவர் மகள் போன் செய்து சொன்னார்.

நான் கிறிஸ்தவள் இல்லை. ஆனாலும் எங்கள் வீட்டில் ‘நம்ம பாஸ்டர்’ என்றால் அவர்தான்.

எங்கள் தீவின் ஜார்ஜ்டவுனில் துறைமுகத் தொழிலாளிகளின் பழைய வரிசை வீடுகளில் ஒன்றில்தான் நாங்கள் இருந்தோம். தாத்தா காலத்து வீடு. நிலத்தை வாங்கிய கம்பெனி, மாற்று வீடு தராமலேயே உடைக்க வந்தது.

ஞாயிற்றுக்கிழமை புல்டோசர் வருகிறது என்று தெரிந்ததும், பாஸ்டர் தன் சபையின் காலை ஆராதனையை எங்கள் சந்துக்கே மாற்றிவிட்டார். முனீஸ்வரர் கோயில் நாற்காலிகள், சர்ச் கீபோர்டு, மேலே ஒரு நீலக் கேன்வாஸ்...

சபைக் கமிட்டிப் பெரியவர் ஒருவர் கோபமாக வந்தார். “பாஸ்டர், அரசாங்கத்த எதிர்க்கிறது பாவம்லா. அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்லி வேதத்துலயே இருக்கு.”

பாஸ்டர் சிரித்தார். “இருக்குண்ணே. அதே வேதத்துலதான் அந்த மருத்துவச்சிங்களும் இருக்காங்க. பொறக்குற ஆம்பளப் பிள்ளைங்கள கொல்லுன்னு ராஜா சொன்னாரு. அவங்க கொல்லல. கடவுள் அவங்கள திட்டுனாரா? ஆசீர்வாதம்தானே பண்ணாரு. அதிகாரத்துக்கு மேலயும் ஒருத்தர் இருக்காருண்ணே.”

பெரியவர் திரும்பிப் போகவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

பாஸ்டரின் பிரசங்கம் நீளம் என்று சபையார் எப்போதும் குறை சொல்வார்களாம். அன்று யாரும் சொல்லவில்லை. புல்டோசர் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

பிறகு போலீஸ் வந்தது. பாஸ்டரையும் எங்களில் சிலரையும் லாரியில் ஏற்றினார்கள். ஸ்டேஷனுக்குப் போவது எனக்கு அதுதான் முதல் தடவை... அங்கே பாஸ்டர் பாட ஆரம்பித்தார். சுருதி என்று ஒன்று கிடையவே கிடையாது.

அங்கிருந்த தமிழ்ப் போலீஸ்காரர் கெஞ்சினார். “பாஸ்டர், கொஞ்சம் மெதுவா பாடுங்களேன்.”

“மெதுவா பாடுனா இன்னும் மோசமா இருக்கும் தம்பி.”

போலீஸ்காரரே சிரித்துவிட்டார். என் பயம் அப்போதுதான் போனது.

சாயங்காலம் எங்களை விட்டுவிட்டார்கள். போதகரின் வெள்ளைக் கழுத்துப் பட்டையோடு அவர் லாரி ஏறிய படம் பேப்பரில் வந்தது. அதற்குப் பிறகுதான் கம்பெனி பேச வந்தது. எல்லாக் குடும்பத்துக்கும் பிளாட் கிடைத்தது. இதை நான் அங்கிருந்துதான் எழுதுகிறேன்.

அவருக்குக் கிடைத்தது டிரான்ஸ்ஃபர். எஸ்டேட் பக்கம் ஒரு சின்ன சபை.

“எங்களாலதானே பாஸ்டர்?” என்று கேட்டேன்.

“இருக்கலாம்மா. ஆனா அங்க வீட்டுக்குப் பின்னாடியே டுரியான் மரம் இருக்காம்.”

சீசன் வந்ததும் ஒரு சாக்கு நிறைய பழம் அனுப்பினார். லிஃப்டில் அதன் காட்டமான வாசம் போக ஒரு வாரம் ஆனது...

இன்று சாயங்காலம் தீவுக்கு அக்கரையில் இருக்கும் பிறை ஊரில் அடக்கம்.

போய் வாங்க பாஸ்டர். பிளாட்டிலிருந்து ஒரு பஸ் நிறைய வருகிறோம். அம்மா இப்போதே முன் சீட்டைப் பிடித்துவிட்டார்.