ஏரியை மூடச் சம்மதமா?

பெங்களூர் விளிம்பில் ஒரு கிராமத்து மாதா கோயில். ஞாயிறு பூசை முடிந்து, வாசலில் கருத்துப் படிவம் கொடுக்கிறார்கள். ஏரியில் பாதியை மூடிச் சாலை போட்டால்தான் ஊருக்குள் பேருந்து வருமாம். சம்மதமா என்று கேட்கிறது படிவம், ஆங்கிலத்தில். ஆங்கிலம் தெரிந்த பாவத்துக்கு, வாத்தியார் ஒருவரை ஒரு பெஞ்சிலும் என்னை இன்னொரு பெஞ்சிலும் உட்காரவைத்து எழுதச் சொல்கிறார்கள். நான் வந்ததோ ஏரியைக் காப்பாற்ற. அதாவது, கட்டுரை எழுதி.

என் வரிசையில் மேரியம்மா வருகிறார். பின்னால் அவர் புருஷன், ஊசி குத்தி வீங்கிய கையைத் துண்டால் மூடியபடி.

"இவருக்கு வாரத்துல மூணு வாட்டி டயாலிசிஸ் சார். மெயின் ரோடு வரைக்கும் நடந்துதான் போணும். போன வாரம் பாதி வழில விழுந்துட்டாரு. மூடச் சொல்லி எழுதுங்க."

"ஏரி போனா போர்ல தண்ணி வத்திடுமேம்மா."

"வத்தும். எனக்குத் தெரியாதா? நீங்க எதுல வந்தீங்க?"

"கார்ல."

அவர் சிரிக்கவில்லை. புருஷன்தான் சிரிக்கிறார். "விடு மேரி, சார் எழுதட்டும்."

சம்மதம் என்று எழுதிக் கொடுக்கிறேன். மேரியம்மா அதை உற்றுப் பார்க்கிறார்.

"முத்து முத்தா இருக்கு சார்" என்கிறவர், வாத்தியார் பெஞ்சு வரிசையைத் திரும்பிப் பார்த்துக் கூப்பிடுகிறார்: "எல்லாரும் இங்க வாங்க. இவர்கிட்டயே எழுதிக்கலாம்."