தொண்டையில் ஓட்டை, கையில் அவன் புத்தகம்

ஏலம் விடுகிறவனுக்குக் குரல் கட்டினால் அதை யாரும் நோய் என்று நினைப்பதில்லை. காசிமேட்டில் இருபத்தாறு வருடம் மீன் ஏலம் விட்டவன் நான். குரல் கரகரத்தபோது பாலில் மஞ்சள் போட்டுக் குடிக்கச் சொன்னார்கள். நான்கு மாதம் குடித்தேன். உங்களுக்கு மூன்று வாரமாகக் குரல் சரியில்லை என்றால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள்.

பயாப்சி (கட்டியில் ஒரு துணுக்கை எடுத்துச் சோதிப்பது) முடிவு வந்த அன்று டாக்டரம்மா கேட்டார், "என்ன வேலை பாக்குறீங்க?"

"ஏலம் வுடுறேன் மேடம்."

அவர் ரிப்போர்ட்டை மறுபடி முதலிலிருந்து படித்தார். குரல்வளையில் புற்றுநோய், அதை முழுதாக எடுத்துவிட வேண்டும் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னார்.

இப்போது என் கழுத்தில் ஸ்டோமா (மூச்சு விடுவதற்கான நிரந்தரத் துளை) இருக்கிறது. உள்ளே ஒரு வால்வு (மூச்சுக்காற்றை உணவுக்குழாய்க்குத் திருப்பிக் குரலாக்கும் சிறு அடைப்பான்). பேச வேண்டுமென்றால் துளை வழியாக மூச்சிழுத்து, அதைக் கட்டைவிரலால் அடைத்து, பிறகு வாயைத் திறக்க வேண்டும். நாலு வார்த்தைக்கு ஒருமுறை இதே வேலை. சத்தம் போதாது என்று கன்னத்தருகே மைக், இடுப்பில் சின்ன ஸ்பீக்கர்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது என் மனைவி ஸ்டெல்லா ஒரு புத்தகம் வாங்கி வந்தாள். அட்டையில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான் கருவாடு. அது நாங்கள் பள்ளியில் வைத்த பெயர். அவன் சினிமாப் பெயர் உங்களுக்குத் தெரியும், உங்கள் வீட்டு டிவியில் காமெடிக் காட்சிகளில் தினமும் வருகிறான். தன் வாழ்க்கையைத் தானே எழுதியிருந்தான்.

"உன் தோஸ்துதானேய்யா, படி. பொழுது போவும்" என்றாள்.

தோஸ்துதான். ராயபுரத்தில் மாதா கோயில் திருவிழா மேடையில் அவனும் நானும் ஒன்றாக மிமிக்ரி செய்தோம். கைதட்டல் எனக்குத்தான் அதிகம். அப்புறம் அவன் கோடம்பாக்கம் போனான், நான் அப்பா பின்னால் ஏலத்துக்குப் போனேன். நான் பேசிய பேச்சை, எங்கள் தெருவின் பேச்சை, அவன் விற்றுத் தின்றான் என்று இருபது வருடத்துக்கும் மேலாகப் பொருமிக்கொண்டிருந்தவன் நான். எனக்கு வந்தது அவனுக்கு வந்திருக்கக் கூடாதா என்றுகூட ஒருநாள் நினைத்தேன். மறைப்பானேன்.

புத்தகத்தில் முதலில் என் பெயரைத்தான் தேடினேன். இல்லை. பாதி படித்ததோடு, வீடு திரும்பியதும் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

ஐந்து மாதம் கழித்து ஏலத்துக்குத் திரும்பினேன். எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஏலம் விடுகிறவன் வாயை மூடவே மாட்டான். விலையை மேலே மேலே சொல்லிக்கொண்டே போவான். அவன் நிறுத்தினால் ஏலம் முடிந்தது, கடைசியாகக் கேட்டவருக்குக் கூடை. அதை நான் எப்படி மறந்தேனோ தெரியவில்லை. ஒரு வஞ்சிரக் கூடைக்கு முதல் விலை சொன்னேன். எங்களிடம் மீன் எடுத்து விற்கும் செல்வியக்கா தலையாட்டினாள். மூச்சிழுக்க நிறுத்தினேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

படகு ஓனர் கத்தினார். "இன்னா நைனா, வந்த வெலைக்குத் தள்ளிட்ட?"

"அவருதானே நிறுத்தினாரு" என்றாள் செல்வியக்கா. அவள் மேல் தப்பே இல்லை. அடுத்த கூடையும் அப்படியே போனது. மூன்றாவதை வேறு ஆளிடம் கொடுத்தார்கள்.

ஒரு வாரம் நான் வாயே திறக்கவில்லை. ஸ்டெல்லா கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினேன். அவள் பெருக்கும்போது புத்தகம் வெளியே வந்தது. வேறு வேலையில்லாமல் மீதியைப் படித்தேன்.

ஒரு படத்தில் அவனை அறைகிற காட்சி. படப்பிடிப்பில் இருந்தவர்கள் சிரித்துக் கெடுத்ததால் திரும்பத் திரும்ப நிஜமாகவே அறைந்து எடுத்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அவனுக்கு இடது காது கேட்காது. அந்தப் பக்கம் நின்று நடிப்பவரின் உதட்டைப் பார்த்துத்தான் இத்தனை வருடம் பதில் வசனம் பேசியிருக்கிறான். அந்தக் காட்சிக்கு நானும் வயிறு வலிக்கச் சிரித்தவன்தான். இன்னொரு இடத்தில், ஒவ்வொரு சிரிப்பு வசனத்துக்கும் முன்னால் ஒரு மூச்சு நேரம் சும்மா நிற்பானாம். யாரும் சிரிக்காவிட்டால் என்ன செய்வது என்று அந்த ஒரு மூச்சில் இன்றும் உள்ளங்கை வேர்க்கிறதாம்.

நான் அவனுக்கு எல்லாம் சும்மா வந்தது என்று நினைத்திருந்தேன். அது உழைப்பு. பயந்துகொண்டே செய்த உழைப்பு. அதைப் படித்த பிறகு பொறாமை தீர்ந்திருக்க வேண்டும். கூடத்தான் செய்தது. முன்பு அவன் பேரையும் வீட்டையும் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது அவன் அந்த ஒரு மூச்சைத் தாங்கி நின்றதைப் பார்த்து.

மறுநாள் விடியும்போது துறைமுகத்தில் நின்றேன். ஒரே ஒரு கூடை கொடுங்கள் என்று ஓனரிடம் கெஞ்சி வாங்கினேன். விலை சொன்னேன். நிறுத்தினேன். செல்வியக்கா குனிந்து கூடையில் கை வைத்தாள்.

நான் அவசரப்படவில்லை. இடது கையை உயர்த்தி அவளைப் பார்த்தேன். மூச்சை இழுத்தேன். எல்லோரும் என் கழுத்தையே பார்த்தார்கள். உள்ளங்கை வேர்த்தது. கட்டைவிரலை வைத்தேன்.

"கைய எடு அக்கா. மூச்சு வுட்டுகினு கீறேன். இன்னும் சாவல."

முதலில் சிரித்தது செல்வியக்காதான். அப்புறம் ஓனர், ஐஸ் உடைக்கிறவர்கள், எல்லோரும். "நீ சாவாத நைனா, வெலைய சொல்லு" என்று கையை எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து என் இடது கை மேலே இருக்கும்வரை கூடையை யாரும் தொடுவதில்லை.

முன்பெல்லாம் என் வாய்க்கும் மனதுக்கும் நடுவே இடைவெளியே கிடையாது. இப்போது ஒவ்வொரு பேச்சுக்கும் முன்னால் ஒரு கட்டைவிரல் நேரம் இருக்கிறது. உங்களுக்கும் இந்த ஆபரேஷன் நடந்திருந்தால் சொல்கிறேன், அந்த நேரத்துக்கு வெட்கப்படாதீர்கள். எதிரில் இருப்பவர்கள் காத்திருப்பார்கள்.

பொறாமை இன்னும் இருக்கிறது. அன்று அத்தனை பேரும் சிரித்தபோது ஸ்டெல்லாவை நினைக்கவில்லை, டாக்டரம்மாவை நினைக்கவில்லை. அந்தக் கருவாடு இங்கே நின்றிருக்க வேண்டும், அவன் வலது காதுப் பக்கமாக நான் நின்றிருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன்.