பிரித்துக் கட்டிய டப்பா

நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற எனக்கு அமெரிக்காவில் இருக்கும் மகள் புதிதாக ஒரு வேலை கொடுத்திருக்கிறாள். அங்கே கருக்கலைப்பு மாத்திரை தபாலில் வீட்டுக்கே வருகிறதாம். அதை நிறுத்தச் சிலர் முனைகிறார்களாம். "சட்டம் போடுறவங்களுக்கு நீ ஒரு லெட்டர் எழுதும்மா, நர்ஸ் சொன்னா கேப்பாங்க" என்கிறாள். நான் சொல்லி இதுவரை யார் எதைக் கேட்டிருக்கிறார்கள்? நாலு நாளாகத் தாளை எடுப்பதும் மூடி வைப்பதுமாக இருக்கிறேன். எழுத உட்கார்ந்தால் அப்பாசியா அடுக்களைதான் கண்ணில் நிற்கிறது.

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்கள். குவைத்தில், அப்பாசியாவில், ஒரு ஃபிளாட்டில் இரண்டு குடும்பமாக இருந்தோம். இரண்டுக்கும் சேர்த்து ஒரே அடுக்களை, ஒரே குளியலறை. பக்கத்து அறைக்காரி எங்கள் கன்னியாகுமரிக் கடற்கரைப் பெண்தான், என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். கணவன் டிரைவர். இரண்டு பிள்ளைகள், இரண்டும் ஆபரேஷன். இரண்டாவதில் ரத்தம் நிற்காமல் போய், பிழைத்ததே பெரிய காரியம். இனி ஒன்று வேண்டாம் என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார்.

தம்பி கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவில் நான் ஊருக்குக் கிளம்பிய வாரம் அது. டூட்டி முடிந்து வந்து சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அவள் அடுப்புப் பக்கம் நின்றாள்.

"எக்கா, மூணாவது ஆபரேசன் வந்தா என்ன ஆவும்?"

"வராம பாத்துக்க" என்றேன். பன்னிரண்டு மணி நேரம் நின்ற கால் எனக்குக் கடுத்தது. ஏன் கேட்கிறாள் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

லீவு முடிந்து கிளம்பும் நாளில் அவளுடைய தங்கை ஒரு டப்பாவோடு வந்தாள். உள்ளே முந்திரிக்கொத்து, எங்கள் ஊர்ப் பயற்று உருண்டை. "அப்பிடியே கொண்டு குடுத்திருங்கக்கா. பிரிச்சா ஒடஞ்சி போவும், கேட்டியளா" என்றாள்.

வளைகுடாவில் இருப்பவர்கள் யார் பொட்டலம் கொடுத்தாலும் பிரித்துப் பார்த்து, திரும்பக் கட்டித்தான் பெட்டியில் வைப்போம். பெற்ற தாய் கொடுத்தாலும் அப்படித்தான். அடுத்தவர் ஊறுகாயைச் சுமந்து ஜெயிலுக்குப் போனவன் கதை ஒவ்வொரு ஊரிலும் உண்டு. அவள் தெருமுனை தாண்டியதும் பிரித்தேன். அடியில் விரித்திருந்த செய்தித்தாளுக்குக் கீழே மாத்திரை அட்டை இருந்தது. பெயரைப் படித்ததும் அடுக்களையில் அவள் கேட்ட கேள்வி விளங்கிவிட்டது.

குவைத்தில் அது குற்றம். பிடிபட்டால் வேலையும் லைசென்ஸும் போகும், ஜெயிலும் உண்டு. பயந்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் பயம் மட்டுமில்லை, கோபமும் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் என் பெட்டியிலேயே வைக்கப் பார்த்தாளே என்று. அட்டையைக் கல்யாண வீட்டு எச்சில் இலைகளோடு போட்டுவிட்டு, டப்பாவை முன்பைவிட அழகாகக் கட்டினேன்.

அப்பாசியாவில் அவள் அதை என் முன்னால்தான் திறந்தாள். கொத்துகளைத் தட்டில் எடுத்து வைத்தாள். செய்தித்தாளைத் தூக்கினாள், உதறினாள். டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாள். பிறகு தரையில் உட்கார்ந்து முந்திரிக்கொத்துகளை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்க்க ஆரம்பித்தாள். உள்ளே பயற்று மாவும் கருப்பட்டியும்தான் இருந்தன. என்னிடம் கேட்டால் விஷயத்தைச் சொல்ல வேண்டும், அதனால் கேட்கவில்லை. நான் வாயைத் திறந்தால் செய்ததைச் சொல்ல வேண்டும், அதனால் நானும் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கலைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாளாம். இப்போது நன்றாகத்தானே இருக்கிறாய் என்று அனுப்பிவிட்டார்களாம். ஊருக்குப் போகலாம் என்றால் பாஸ்போர்ட், விசா புதுப்பிப்பதற்காக, கஃபீலிடம், அதாவது விசா கொடுத்த முதலாளியிடம், கிடந்தது. இதையெல்லாம் அவள் கணவன் பிறகுதான் சொன்னான். நான் அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் வேறு யார் கையிலாவது வரவழைத்திருப்பாள். சொல்லவில்லை. ஏழாம் மாதம் மூன்றாவது ஆபரேஷன் நடந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்தது சரியாகவே இருந்தது, இந்த முறையும் ரத்தம் நிற்கவில்லை. அவளைப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பினோம்.

மகளுக்காகக் கடைசியில் இவ்வளவுதான் எழுதினேன். ஐயா, அம்மா, ஒரு பெண்ணின் உயிர் அவள் பொட்டலத்தைச் சுமந்து வருகிறவளின் தைரியத்தை நம்பி இருக்கக் கூடாது. தபால்காரர் பிரித்துப் பார்ப்பதில்லை. அவர் கையிலேயே அது வரட்டும்.

ஒன்றை மட்டும் அதில் எழுத முடியவில்லை. அன்று எல்லாவற்றையும் உடைத்து முடித்தபின் அவள் கையைத் துடைத்துக்கொண்டு தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"தின்னுங்கக்கா. சொமந்துட்டு வந்தது நீங்கதான."

ஒரு துண்டை எடுத்துத் தின்றேன்.