அண்ணன் போட்ட கையெழுத்தும் போடாத கையெழுத்தும்

போன ஞாயிற்றுக்கிழமை கே.கே. நகரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். கறிக்குழம்புக்குத்தான் போனேன், பொய் சொல்ல மாட்டேன். அங்கே அண்ணன் மகள் கயல் கூடத்தில் அமெரிக்க வரைபடத்தை விரித்துப் போட்டு, சிவப்பு மார்க்கரால் மாநிலம் மாநிலமாக அடித்துக்கொண்டிருந்தாள். மேல்படிப்புக்கு நான்கு இடங்களில் சீட்டு கிடைத்திருக்கிறது அவளுக்கு. எதை எடுப்பது, எதை விடுவது என்பதுதான் பஞ்சாயத்து.

"ஏன்டி, இதுதான் பெரிய காலேஜுன்னு போன வாரம் குதிச்ச? இதையும் அடிச்சிட்ட?"

"காலேஜு நல்ல காலேஜுதான் அத்த. அந்த ஸ்டேட்டுச் சட்டம்தான் சரியில்ல. அங்க அபார்ஷன் பண்ண விட மாட்டாங்க."

அந்த ஊரில் தண்ணீர் உப்பு என்று சொல்வதுபோலச் சொன்னாள். வாயில் வைத்த முறுக்கு எனக்கு அப்படியே நின்றுவிட்டது. எதிரே அவள் அப்பா உட்கார்ந்திருக்கிறான். என் அண்ணன்! அவன் என்ன செய்தான் தெரியுமா? கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "பக்கத்து ஸ்டேட்டுல எப்பிடி?" என்று கேட்டான். அங்கே பரவாயில்லை என்றாள். "அப்ப அத வையி" என்றான்.

"வேற ஒண்ணும் நெனைக்காதீங்க அத்த," என்றாள் என் முகத்தைப் பார்த்து. "கல்யாணமானவளுக்கே வயித்துல ஏதாவது கோளாறாச்சுன்னா, அங்க டாக்டருங்க கை வைக்கப் பயப்படுறாங்களாம். ரெண்டு வருசம் இருக்கப்போற ஊரு. பாத்துத்தான போகணும்?"

நியாயமான பேச்சு. ஆனால் எனக்கு வந்தது பொறாமை. அசல் வயிற்றெரிச்சல். நாற்பத்தைந்து வயதில், நானே எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி வளர்த்த பெண்ணைப் பார்த்து. வெட்கமாகத்தான் இருக்கிறது. அதற்காக வந்ததை வரவில்லை என்று சொல்ல முடியுமா?

அந்த மார்க்கருக்கு ஒரு நெடி உண்டு. அது மூக்கில் ஏறியதும் எனக்கு ஞாபகம் வந்தது, என் ஹாஸ்டல் படிவம். மை வாடை போகாத மலிவான தாள். எனக்குக் கோயம்புத்தூரில் மைக்ரோபயாலஜி படிக்க இடம் கிடைத்திருந்தது. பேரையூரிலிருந்து அந்தப் படிப்புக்குப் போகிற முதல் பெண் நான்தான் என்று நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மைக்ராஸ்கோப்பைக் கண்ணால் பார்த்ததில்லை, அது வேறு விஷயம். நீலத் தகரப்பெட்டி ஒன்று வாங்கியாயிற்று. மூடியில் பெயின்டால் என் பெயரை எழுதி, பக்கத்தில் பி.எஸ்ஸி. என்றும் சேர்த்துவிட்டேன். படித்து முடிக்கும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்?

அப்பா போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டுக்குப் பெரிய ஆள் என்றால் மதுரையில் மோட்டார் பார்ட்ஸ் கடையில் வேலை பார்த்த அண்ணன்தான். படிவத்தின் கடைசியில் காப்பாளர் கையெழுத்து என்று ஒரு கட்டம். அதற்காக அவன் வரும் சனிக்கிழமையை எண்ணிக்கொண்டிருந்தேன். வந்தான். படிவத்தை வாங்கினான். அந்தக் கட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"வேணாம்."

"ஏண்ணே?"

"வேணாம்னா வேணாம் பாப்பா. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வீட்டுக்கு வார மாதிரி காலேஜு பாரு."

அழுதேன். சாப்பிடாமல் கிடந்தேன். பெட்டி மூடியை ஓங்கி ஓங்கிச் சாத்தினேன். அவன் அசையவில்லை. ஆறு மணிக்குள் வீடு திரும்பும் கல்லூரி திருமங்கலத்தில் இருந்தது, அங்கே காலியாக இருந்தது வரலாறு. மூன்று வருடம் பருத்தி மூட்டைகளோடு பஸ்ஸில் போய் வந்தேன். இன்றைக்கு வேலை பத்திரப் பதிவு அலுவலகத்தில். காலை முதல் மாலை வரை ஊரார் கையெழுத்தைச் சரிபார்க்கிறேன், என் தலையெழுத்தைப் பாருங்கள்! தகரப்பெட்டியில் அம்மா பழைய போர்வைகளைப் போட்டு வைத்தாள்.

இங்கே அமுதாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரை மாற்றித்தான் சொல்கிறேன். எங்கள் தெருக்காரி, எனக்கு ஒரு வகுப்பு மேலே. திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். லீவுக்கு வரும்போது அவள் போட்டிருக்கும் சுடிதார், பேச்சில் வந்திருக்கும் மிடுக்கு எல்லாவற்றுக்கும் நான் எரிந்திருக்கிறேன். படிப்பை முடித்து பெங்களூரில் நல்ல வேலைக்கும் போய்விட்டாள். பல வருடம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள், "உங்கண்ணன் இல்லாட்டி நான் இன்னிக்கு இல்லடி."

பத்தொன்பது வயதில் அவளுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது. அதற்குக் காரணமானவன் கம்பி நீட்டிவிட்டான். கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறும் காலில் கவரிங் மெட்டியுமாக மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். அந்தக் காரியத்துக்குப் போகிற பெண்களுக்கு அப்போது அதுதான் யூனிபார்ம். புருஷன் கையெழுத்து இல்லாமல் செய்ய மாட்டோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மதுரையில் அவளுக்குத் தெரிந்த ஒரே ஆம்பளை என் அண்ணன். கடை வாசலில் போய் நின்று அழுதிருக்கிறாள். அவன் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு கூடவே போயிருக்கிறான்.

"ஒன் வீட்டுக்காரரு யாரும்மா?" என்று நர்சம்மா கேட்க, இவள் பதற்றத்தில், "இந்தா, இந்த அண்ணன்தான்" என்று கையைக் காட்டிவிட்டாளாம். நர்சம்மா தலையைக்கூடத் தூக்கவில்லையாம். எங்கே கையெழுத்து, அதுதான் அவர்களுக்கு வேண்டியது. கணவர் என்று இருந்த இடத்தில் அண்ணன் போட்டுக் கொடுத்தான். சொல்லிவிட்டு அமுதா சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் சிரித்தேன்.

"எப்ப நடந்துச்சு இது?"

"நீ ஹாஸ்டல் பாரம் வாங்கி வச்சிருந்தீல்ல, அந்த வாரம்தான்."

என் சிரிப்பு போய்விட்டது. அதே வாரம். யார் வீட்டுப் பெண்ணுக்கோ ஓடிப்போய்ப் போட்டவன், உடன்பிறந்தவளுக்குப் போடவில்லை. அவள் எவ்வளவு பயந்து, எவ்வளவு வலியோடு கிடந்திருப்பாள்! அவளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவள் ஒரு மனுஷியா? நான் பட்டேன். வருடக்கணக்காகப் பட்டேன். அண்ணனிடம் மட்டும் கேட்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட்டேன். கயல் எதிரில் இருப்பதால் அமுதாவின் பெயரை மட்டும் விழுங்கினேன்.

"ஆஸ்பத்திரியில ஒருத்திக்குப் போட்டியேண்ணே, எனக்கு ஏன் போடல?"

அண்ணன் முகம் செத்துப்போயிற்று. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

"அவ வேற வீட்டுப் புள்ள பாப்பா. புருசன்னு போட்டுட்டேன். நாளைக்கு ஒனக்கு அப்பிடி ஒண்ணு ஆச்சுன்னா யாரு வருவா? நான் ஒங்கூடப் பெறந்தவன். நான் எப்பிடிப் புருசன்னு போடுவேன்? ஒன் பாரத்துல அந்தக் கட்டத்தப் பாத்ததும் எனக்கு அதுதான் கண்ணுக்கு முன்னால நின்னுச்சு."

இருபது வருடத்துக்கு மேலாக அவனுக்கு என் மேல் நம்பிக்கையில்லை என்று நினைத்துக் குமைந்துகொண்டிருந்தேன். அவனோ இல்லாத ஆபத்துக்கு இல்லாத புருஷனைத் தேடிக் களைத்துப்போயிருக்கிறான்.

கயல் மார்க்கரை மூடினாள். "அப்பா, அந்த அக்காவுக்கு அப்ப என்ன வயசு?"

"பத்தொம்பது."

"பதினெட்டு முடிஞ்சிட்டா நம்ம நாட்டுல யாரு கையெழுத்தும் வேணாம்ப்பா. அந்தப் பொண்ணு சம்மதம் மட்டும் போதும். இது இன்னிக்கு வந்தது இல்ல. நீங்க பெறக்குறதுக்கு முன்னாடியே சட்டம் அப்பிடித்தான்."

"அப்பறம் ஏன் கேட்டாங்க?"

"அவங்க கேட்டாங்க, நீங்க போட்டீங்க."

அண்ணன் எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விட்டான். தண்ணீர் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அந்த ஆஸ்பத்திரி இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. திருமங்கலம் பஸ்ஸில் பருத்தி மூட்டை ஏற்றுவதில்லை. என் தகரப்பெட்டி, பி.எஸ்ஸி. பட்டத்தோடு, பழைய இரும்புக்காரனிடம் போயிற்று. பெட்டி போனதற்கு நான் வருத்தப்படவில்லை.

கயல் தான் தேர்ந்தெடுத்த கல்லூரியின் படிவத்தைப் போனில் காட்டினாள். ஆபீஸ் பழக்கம், முதலில் கடைசிப் பக்கத்துக்குப் போனேன். மேலே தள்ளினேன், கீழே தள்ளினேன்.

"என்ன அத்த தேடுறீங்க?"

"காப்பாளர் கையெழுத்து எங்கடி போடணும்?"

"அப்பிடி ஒண்ணும் இல்லையே அத்த," என்றாள்.